அடுப்புச் சுவரில் ஒரு கரிக்குறி

புது வீட்டுச் சமையலறையில் மூன்றாவது தடவையாகப் பல்பை மாற்றி மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார் மாதேஸ்வரன். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வயரிங் வேலைக்கு மேலே வந்தவர். வீட்டுக்காரர் அர்த்தனாரி வாசற்படியில் நின்றபடியே சுவிட்சைத் தட்டினார். அறை பளிச்சென்றானது.

"பாத்தியா புள்ள, இருவது வாட்ஸ்! செம்மேட்டுக் கடையில இதுக்கு மேல பெருசு இல்லேன்னுட்டான். இப்பவாச்சும் திருப்தியா?"

அவர் மனைவி கலைச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் ஒன்பது, அப்புறம் பதினைந்து, இப்போது இருபது. பல்பு பெருக்கிறதே தவிர இடம் மாறுகிறதா? கூரையின் நட்டநடுவில் அது தொங்குகிறது. அடுப்பு மேடையோ கிழக்குச் சுவரை ஒட்டி. மேடைமுன் போய் நின்றால் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும். அவள் நிழலே சட்டியிலும் முறத்திலும் வந்து விழும். பல்பு பெருக்கப் பெருக்க நிழல்தான் நன்றாகக் கறுத்தது.

"வெளிச்சம் பத்தலேன்னு நானு சொல்லவே இல்லீங்க. எனக்கு முன்னால வேணும்னுதான் சொன்னேன்."

"ரூமே பகலாட்டம் இருக்குது. இதுல முன்னால என்ன, பின்னால என்ன?"

வாசற்படியில் நின்று பார்க்கிறவருக்கு அப்படித்தான் இருக்கும். அதைத் தாண்டி உள்ளே வந்து ஒரு வெங்காயம் உரித்திருப்பாரா இந்த மனுசன்? வாயால் சொன்னது ஏறவில்லை என்று, அடுப்புச் சுவரில் விளக்கு வரவேண்டிய இடத்தில் கரியால் குறிகூடப் போட்டு வைத்தாள். பிள்ளைகள் கிறுக்கிவிட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அதன்மேல் வெள்ளையடித்தார். அவள் மறுபடி போட்டாள். அவர் மறுபடி அடித்தார்.

நாளைக் காலையில் டைல்ஸ் ஒட்ட ஆள் வருகிறது. ஒட்டிவிட்டால் அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அர்த்தனாரி விடமாட்டார். மாதேஸ்வரனும் சாயங்கால பஸ்ஸில் மலையிறங்கி ஊருக்குப் போய்விடுவார். இன்றைக்கு விட்டால் ஆயுசுக்கும் தன் நிழலைத்தான் கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். நினைக்கவே அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரம் அதைவிடக் கூடுதலாக வந்தது.

"பூசின சுவருங்கக்கா. வயரு போற பைப்பு பதிக்கோணும்னா மறுபடி வெட்டோணும்" என்று தலையைச் சொறிந்தார் மாதேஸ்வரன்.

"பூசறதுக்கு முன்னாடியே சொன்னனே தம்பி!"

"ஊட்டுக்காரருதான் நடுவுல ஒண்ணு போதும்னாருங்க."

ஊட்டுக்காரர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கலைச்செல்வி விறுவிறுவென்று முறத்தை எடுத்தாள். ஒரு படி சாமையரிசியை முறத்தில் கொட்டி மேடைமேல் டங்கென்று வைத்தாள்.

"நேத்து சோத்துல கல்லுன்னு என்னைத்தானே வஞ்சீங்க? இன்னிக்கு நீங்களே பொறுக்குங்க."

வெளியாள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இதென்ன பெரிய வித்தை என்கிற மாதிரி வந்து குனிந்தார். நிழல் முறத்தை மூடியது. இடப்பக்கம் சாய்ந்தார், அதுவும் கூடவே சாய்ந்தது. மூக்கு அரிசியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தும் ஒரு கல் அகப்படவில்லை. கடைசியில் முறத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். முகம் மலர்ந்தது.

"இப்பிடித் திரும்பிக்கிட்டா சுத்தமாத் தெரியுதே!"

"அப்ப அடுப்பை யாருங்க பாக்கறது?"

மாதேஸ்வரனுக்கு வந்த சிரிப்பு இருமலாக வெளியேறியது. அர்த்தனாரி முறமும் கையுமாக மறுபடி மேடைப்பக்கம் திரும்பினார். பல்பைப் பார்த்தார். மேடைமேல் கிடந்த தன் நிழலைப் பார்த்தார். முறத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சரி, எங்க வெக்கோணும்? நீயே காட்டு."

வீடு கட்டத் தொடங்கி ஆறு மாதமாகிறது. இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டதும் சந்தோஷம்தான் வரவேண்டும்; கோபம்தான் வந்தது. கையை எட்டி, அடுப்புக்கு நேர் மேலே சுவரைத் தொட்டாள். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் கரிக்குறி ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

"ரெண்டு தடவ வெள்ளையடிச்சீங்களே, அங்கதானுங்க."