சாதுவான புறா தேடிய தோட்டம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பத்திராதிபர் என்னிடம் கதை கேட்கவில்லை. ‘சிறுவர் கண்காட்சிக்கு உகந்த சாதுவான அலங்காரப் புறா எது?’ என்று பயனுள்ள கட்டுரை ஒன்றுதான் கேட்டார். “புறாக்கள் பல வகைப்படும். அவற்றுள்...” என்று தொடங்கினேன். இரண்டாவது வரியில் நாகலெட்சுமி வந்து நின்றுகொண்டாள். அதன்பிறகு கட்டுரை நகரவில்லை.

2

பனி மூடிய மலைச்சரிவில் தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல...

(வேண்டாம். அந்தக் கம்பளத்தை எல்லோரும் மிதித்தாயிற்று.)

1955ஆம் ஆண்டு. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம். நுவரெலியாவில் நடந்த பறவைக் கண்காட்சியில் அந்த வருடம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு வைத்தார்கள். பெரிய துரையின் மனைவிக்கு ஆசை வந்துவிட்டது. தங்கள் தோட்டத்திலிருந்தும் ஒரு பிள்ளை போகவேண்டும். கொண்டுபோகும் புறா, நடுவர் குச்சியால் தொட்டாலும் அசையக்கூடாது.

கொழுந்தெடுக்கும் வீரம்மாவின் மகள், பதின்மூன்று வயது நாகலெட்சுமியைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேள்வியே கேட்காத பிள்ளை அவள் ஒருத்திதான் என்று வாத்தியார் சிபாரிசு செய்திருந்தார். (வாத்தியார் எதையும் சரியாகக் கவனிக்கிறவர் அல்ல.)

3

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த அலியாருக்குப் புறாப் பைத்தியம். மூன்று புறாக்களோடு தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். பெரிய கிளாக்கர் சின்னத்தம்பி தலைமையில் சோதனை நடந்தது. முறை எளிது: புறாவின் பக்கத்தில் தப்பு மேளம் அடிப்பது.

கரணப் புறா முதல் அடியிலேயே கூரைக்கு மேலே போய் இரண்டு கரணம் போட்டது. பந்தயப் புறா கிளாக்கரின் விரலைக் கொத்திவிட்டு அலியார் வீட்டுக்கே பறந்துவிட்டது. மூன்றாவது, வெள்ளை மயில்புறா. வாலை விசிறியாக விரித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

“இந்தச் சாதியே இப்படித்தாங்க,” என்றார் அலியார். “கையில எடுத்தா கையிலயே இருக்கும்.”

“பறக்காதா?”

“பறக்கும். வாலு பெருசு பாருங்க, அதனால யோசிச்சுத்தான் பறக்கும்.”

கிளாக்கருக்குப் பரம திருப்தி. “இது மாதிரி முந்நூறு பேரு கெடைச்சா தோட்டம் உருப்பட்டுரும்.”

புறா பிள்ளைக்கே சொந்தமாக இருக்கவேண்டும் என்பது கண்காட்சியின் விதி. அலியார் அதை நாகலெட்சுமியின் கையில் வைத்தார்.

“இனி இது ஒன்னோடது புள்ள. தோத்தாலும் ஒன்னோடதுதான்.”

அவளிடம் அதுவரை யாரும் எதையும் ‘ஒன்னோடது’ என்று சொன்னதில்லை. (உருக்கமான வரி. அடிக்கப் பார்த்தேன். உண்மையாக இருப்பதால் விட்டுவைக்கிறேன்.)

4

கண்காட்சியில் நடுவர் குச்சியால் வாலைத் தூக்கினார், நெஞ்சைத் தொட்டார். புறா அசையவில்லை. அவர் இங்கிலீஷில் கேட்டதைக் கிளாக்கர் தமிழில் சொன்னார்.

“புறா இங்க பொறந்ததான்னு கேக்குறாரு.”

“ஆமாங்க. அக்கரப்பத்தனையில.”

நடுவர் தலையாட்டி, அசல் இலங்கைப் பறவை என்று அதன் காலில் ஒரு வளையம் மாட்டினார்.

“நானும் அங்கதாங்க பொறந்தேன்,” என்றாள் நாகலெட்சுமி.

கிளாக்கர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

(அடிக்குறிப்பு: 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமை கிடைக்காமல் போனது. புறாக்களைப் பற்றி அந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.)

முதல் பரிசு கிடைத்தது. இவ்வளவு அழகான பறவை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் புகையில் கெட்டுவிடும் என்று துரைசாணி அதைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

5

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் புறா பங்களா ஜன்னல் வழியாகத் தானே பறந்து வந்தது. அலியார் படித்தால் சிரிப்பார். இன்னொன்றில் நாகலெட்சுமி ஒரு பாட்டம் அழுது, பிறகு மறந்து... நானும் அந்த வாத்தியாரைப்போலத்தான் அவளைப் பார்க்கிறேன் என்று உறைத்தது. கிழித்துப்போட்டேன்.

நடந்தது இதுதான். அவள் நேரே பங்களா வாசலுக்குப் போனாள்.

“எம் புறாவக் குடுங்க.”

சமையல்காரர் மாயாண்டி உள்ளே போய்விட்டு வந்தார். “புறா சந்தோசமா இருக்காம். நீ போ தாயி.”

அவள் போகவில்லை. பொழுது சாய்ந்ததும் வீரம்மாதான் வந்து கூட்டிப்போனாள்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெண்கள் எல்லோரும் வந்து, வழக்கம்போல் வேலைக்குப் பேர் கொடுத்தார்கள். மலைக்கு ஏறச் சொன்னபோது ஒருத்தியும் ஏறவில்லை. “ஒரு புறாவுக்காகவா?” என்று கிளாக்கர் கத்தினார். துரையே இறங்கி வந்தார்.

“என்ன கலாட்டா?”

“கலாட்டா ஒண்ணுமில்லீங்க தொரை,” என்றாள் வீரம்மா. “சாதுவாத்தான் நிக்கிறோம். புள்ளையோட புறா வந்ததும் போயிருவோம்.”

கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. வெயில் ஏறுமுன் துரைசாணியே கூண்டோடு வந்து சேர்ந்தாள்.

6

“எல்லார் முன்னாலயும் தொரைசாணிக்கு நன்றி சொல்லு,” என்றார் கிளாக்கர்.

நாகலெட்சுமி புறாவை வெளியே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். துரைசாணியை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

“ரொம்ப நன்றிங்க...”

“ஏங்க, கேக்காம நீங்க...”

“எங்க அம்மா...”

மூன்றும் நான் எழுதியவை. மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் என்ன சொல்லவேண்டும் என்பது கிளாக்கருக்குத் தெரிந்திருந்தது, துரைக்கும் தெரிந்திருந்தது. நானும் அந்த வரிசையில் போய் நிற்கப் பார்த்தேன். நீங்களாவது கொஞ்சம் பொறுங்கள். அவள் பேசட்டும்.