குளியல் தொட்டியில் ஒரு குளத்து மீன்

மன்னார்க் கரையில் பிடித்த மீனை யாரும் திரும்ப விடுவதில்லை. கைக்கு வந்தது ஆண்டவர் கொடுத்தது. கொடுத்ததை அவர் முகத்திலேயே விட்டெறியலாமா? ஞானரட்ணம் இந்த எண்ணத்தோடு வளர்ந்தவன். அதனால்தான் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் கிழக்கு லண்டனின் ஓரத்திலிருந்த அந்தச் சின்னக் குளத்தங்கரையில் நின்றபோது, கண்ட காட்சி அவனுக்குப் பிடிபடவில்லை.

குளத்தின் மேல் பனிப்புகை முழங்கால் உயரத்துக்குப் படுத்திருந்தது. கரையைச் சுற்றிப் பச்சைக் குடைகளின் கீழ் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை, சேமக்காலைக் கல்லறைகளில் வைத்த சுரூபங்கள் மாதிரி. அவர்களில் ஒருவன் தூண்டிலை இழுத்து நல்லதொரு மீனைத் தூக்கினான். நிறுத்துப் பார்த்தான். முகத்துக்குக் கிட்டப் பிடித்து அதனிடம் ஏதோ சொன்னான். பிறகு இரண்டு கையாலும் தண்ணீருக்குள் இறக்கி விட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் இன்னொருவன் ஒரு மீனைத் தூக்கினான். அவனும் அப்படியே விட்டான். அதே மீனாகவும் இருக்கலாம். இந்தக் குளத்து மீன்கள் செத்துச் செத்துப் பிழைக்கின்றன என்று ஞானரட்ணத்துக்குத் தோன்றியது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஆனாலும் திரும்பிப் போகவில்லை. பியற்றிஸ் சாப்பிட வேண்டும்.

அவன் மனைவி பியற்றிஸுக்கு அது ஏழாம் மாதம். முந்தின வருடம் ஜூனில் ஊரில் மீண்டும் சண்டை தொடங்கியபோது அவளுடைய தம்பி பெனடிக்ற் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறினான். படகு கரை சேரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், வருடப் பூசை முடியும்வரை அந்த வீட்டில் கடல் மீன் சமைப்பதில்லை. ஏனென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை.

செய்தி கடிதமாக வந்த நாளிலிருந்து பிளேஸ்டோவில் அவர்களுடைய மேல்மாடி வீட்டில் மீன் மணம் நின்றுபோயிற்று. மீனில்லாத சோறு தொண்டையால் இறங்குதில்லை என்று பியற்றிஸ் ஒருதரம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேச்சும் குறைந்தது. இரண்டு பிடி சோறு, கொஞ்சம் சம்பல், அவ்வளவுதான். மருத்துவிச்சி வயிற்றை அளந்து பார்த்து, குழந்தை வளரவில்லை, தாய் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டிவரும் என்று எச்சரித்துவிட்டுப் போனாள். ஈஸ்ட் ஹாமில் ஆற்று மீன் விற்கிறார்கள் என்று அவன் கூட்டிக்கொண்டு போனான். ஆற்று மீனும் கடல் மீனும் ஒரே ஐஸில் கிடந்ததைக் கண்டு அவள் வாசலோடு திரும்பிவிட்டாள்.

அந்தக் கடலைக் காணாத மீன் ஒன்று வேண்டும். அதைத் தன் கையாலேயே பிடிக்க வேண்டும் என்று ஞானரட்ணம் முடிவுசெய்தான். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலையை முடித்துக்கொண்டு, பழைய சாமான் கடையில் வாங்கிய தூண்டிலோடு நேரே பஸ் ஏறி வந்திருந்தான். குளத்தைக் காவல்காத்த பீற்றர் என்ற கிழவர் அவனுக்கு ஓர் அனுமதித் துண்டு கிழித்துக் கொடுத்து, வெயில் முதலில் விழும் மூலையைக் காட்டினார். ஆழத்துக் குளிரில் கிடந்த மீன் அங்கேதான் ஏறும் என்றார். துண்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. ஞானரட்ணம் அதை வாசிக்கவில்லை.

மண்புழுவைக் கோர்த்துப் போட்டு ஒரு மணித்தியாலம் இருந்தான். மிதப்பு ஒருமுறை நடுங்கியது. பிறகு யாரோ விரலால் அழுத்தியதுபோல மெல்ல உள்ளே போயிற்று. வந்தது பேர்ச் என்ற மீன். உடம்பில் கறுத்தப் பட்டைகள், சிவந்த செட்டைகள், முதுகில் விசிறிபோல விரிந்த முள். கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். மூன்று இறாத்தல் தேறும். அதன் மேலுதடு முழுக்கப் பழைய காயங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக ஆறிக் கிடந்தன. கையில் எடுத்தபோது அது துடிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

உயிரோடு கொண்டுபோனால்தான் அவள் நம்புவாள் என்று, குளத்துத் தண்ணீரோடு வாளியில் விட்டு மூடி பஸ்ஸில் கொண்டுவந்தான். களவெடுக்கிறோம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. குளியல் தொட்டியை நிரப்பி மீனை விட்டுவிட்டு, அவளை எழுப்பி, குளத்து மீன், சேற்று மணம் போகட்டும், வெள்ளிக்கிழமை கறி வைப்போம் என்றான். அவள் வந்து பார்த்தாள். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அன்று பின்னேரம் தூங்கி எழுந்தபோது அவனுக்கு அவளுடைய குரல் கேட்டது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் பேசுகிறாள்! சந்தோஷத்தோடு எழும்பிக் குளியலறை வாசல்வரை போனான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் ஒரு கேள்வி கேட்டாள்: படகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று. பிறகு மௌனம். ஒருவர் ஆறுதலாகப் பதில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுக்கு நீண்ட மௌனம். அது முடிந்ததும் அவள், "ஓம், ஓம். விளங்குது," என்றாள்.

அவன் கை கதவிலேயே நின்றுவிட்டது.

அவள் வெளியே வந்தபோது கைகள் முழங்கைவரை நனைந்து சிவந்திருந்தன. "அவனுக்குக் குளிருதாம்," என்றாள். "ஆனா சுடுதண்ணி வேண்டாமாம்."

செவ்வாய்க்கிழமை அவள் தன் சோற்றைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் போட்டாள். புதன்கிழமை தனக்கென்று சோறே போடவில்லை. மீன் சோற்றைத் தொடவுமில்லை, சுற்றித் திரியவுமில்லை. எப்போது பார்த்தாலும் தலையை ஒரே பக்கம், கதவுப் பக்கம் வைத்து நின்றது. ஞானரட்ணம் வேண்டுமென்றே ஒருதரம் அதைத் திருப்பிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, சற்று நேரத்தில் திறந்தான். அது பழையபடி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு முகம் கழுவக்கூட அவன் அந்த அறைக்குள் போகவில்லை.

புதன் பின்னேரம் மீன் ஒருபக்கமாகச் சரியத் தொடங்கியது. பியற்றிஸ் அதன் வயிற்றின் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்படிக் குனிந்திருந்தால் நாரி நோகும், எழும்பு என்றான் அவன். அவள் தலை நிமிரவில்லை.

"போனமுறை நான் பிடிக்கேல்லை," என்றாள். "இந்தமுறை விடமாட்டன்."

இது செத்தால் அவளும் போய்விடுவாள் என்று அப்போது அவனுக்கு விளங்கியது. அவளோடு பிள்ளையும்.

வேலைக்குப் போன இடத்தில், கூட வேலைசெய்த சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னான். சேகர் முதலில் சிரித்தான்.

"அண்ணை, இவங்கள் மீனைப் பிடிச்சு, கொஞ்சிப்போட்டுத் திருப்பி அனுப்புறவங்கள். நீங்கள் கொண்டுவந்து குளிக்க வாத்திருக்கிறியள்." பிறகு சிரிப்பு நின்றது. "பகிடி இல்லை, இது களவு. மீனைக் கொண்டுபோகக் கூடாதெண்டு துண்டின்ரை பின்பக்கம் எழுதியிருக்கும். பொலிசுக்குப் போனா உங்கடை வழக்கு என்னாகும்? பேசாமல் கறி வையுங்கோ. சாட்சியும் இல்லை."

ஞானரட்ணத்தின் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. பொலிஸ் என்ற சொல்லே அவனுக்குக் காய்ச்சல் வரவைக்கும். அன்றிரவு பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவன் செபமாலை சொன்னான். இரண்டாம் பத்துக்கு மேல் கணக்குத் தவறியது. விடிந்ததும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறினான்.

குளத்தில் பனிப்புகை அப்படியே படுத்திருந்தது. கரையில் குடை ஒன்றும் இல்லை. பீற்றர் மட்டும் வாசலில் ஒரு பலகையை அடித்துக்கொண்டிருந்தார். அன்றுதான் கடைசி நாள், நாளையிலிருந்து மீன் முட்டையிடும் காலம், மூன்று மாதத்துக்குத் தூண்டில் போட ஏலாது என்றார். ஞானரட்ணம் தன் அரைகுறை ஆங்கிலத்தில் குற்றத்தைச் சொன்னான். மனைவியைப் பற்றியும், தம்பியைப் பற்றியும், தொட்டியில் நடப்பதைப் பற்றியும் சொன்னான். பொலிசுக்குச் சொல்வதானால் மீனைக் காப்பாற்றிய பிறகு சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான்.

கிழவர் சுத்தியலைக் கீழே வைத்தார். எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு பெரிய நீலப் பீப்பாயில் குளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றத் தொடங்கினார். ஆண்டவர் பெரிய கதவுகளைத் திறப்பதைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்கிறோம். அநேகமாக அவர் ஒரு கிழவரின் பழைய வான் வண்டியின் பின்கதவைத்தான் திறக்கிறார்.

குளியலறை வாசலில் பீற்றர் தொப்பியைக் கழற்றினார், சாவீட்டுக்குள் வருபவரைப்போல. பியற்றிஸ் கையை எடுக்கவில்லை. அவர் அவளுக்குப் பக்கத்தில் மெல்ல முழந்தாளிட்டார். எலும்புகள் நெறிந்த சத்தம் கேட்டது. மீனைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஞானரட்ணத்தின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், இந்த உதட்டைத் தனக்குத் தெரியும் என்றார். போன ஜூனில் தானே பிடித்து விட்டாராம். அதற்குப் பிறகு யாரும் இதைக் காணவில்லை, செத்துவிட்டது என்றே நினைத்தாராம்.

ஜூன், பெனடிக்ற் படகேறிய மாதம் என்று ஞானரட்ணத்துக்கு நினைவு வந்தது. அதை அவன் மனைவிக்குச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"என்ன சொல்றார்?" என்று பியற்றிஸ் கேட்டாள்.

"குழாய்த் தண்ணியிலை இருக்கிற மருந்துதான் கொல்லுதாம். இஞ்சை வைச்சிருந்தா இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை செத்துப்போமாம்."

அவள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீற்றர் அவசரப்படுத்தவில்லை. மீனைப் பிடுங்கவுமில்லை. தன் வெறுங்கையைத் தண்ணீருக்குள் விட்டு, அவளுடைய கைக்குக் கீழே கொடுத்தார். அந்தக் கடுங்குளிரில் இரண்டு பேருடைய கையும் மீனைத் தாங்கிக்கொண்டிருந்தன. பாரம் குறைந்தபோதுதான் அவளுக்குத் தோள் நோவது தெரிந்ததோ என்னவோ, பெருமூச்சு விட்டாள்.

"நான்தான் விடுவன்," என்றாள். "வேறை ஒருத்தரும் இல்லை."

வானின் பின்பக்கம் பீப்பாயோடு அவள் குந்தியிருந்தாள். குளத்தங்கரையில் பீற்றர் தன் மேற்சட்டையை விரித்து அவளை முழந்தாளிடச் செய்தார். அவள் மீனை இறக்கினாள். அது போகவில்லை. அவளுடைய விரல்களுக்கிடையில் அவளைப் பார்த்தபடியே நின்றது. புகை மெல்ல வந்து அவளுடைய மணிக்கட்டுகளை மூடியது. அது வாயைத் திறந்து மூடியது, திறந்து மூடியது. அவள் குனிந்து காதைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அக்கா வர ஏலாதடா," என்றாள் கடைசியில். "வயித்திலை பிள்ளை கிடக்கு. நீ போ."

அப்போதும் அது நின்றது. பீற்றர் வாலடியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம், பிறகு இன்னும் கொஞ்ச நேரம். திடீரென்று கை வெறுமையாயிற்று. நடுக்குளத்தில், காற்றில்லாத தண்ணீரில், பெரிய வளையம் ஒன்று விரிந்தது. ஒரு மீன் எழுப்பக்கூடிய வளையத்தைவிடப் பெரியது. பீற்றரும் அதைக் கவனித்தார்.

பியற்றிஸ் அழுதாள். செய்தி வந்த நாளில்கூட அவள் அழவில்லை. கிழவர் அவளைத் தன் மடக்குக் கதிரையில் உட்காரவைத்து, போத்தலிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, தன் காலைச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்து, நடுவே எதையோ வைத்து மடித்த பாணில் பாதியை அவள் கையில் வைத்தார். அவள் ஏதோ நினைவில் ஒரு வாய் கடித்தாள். ஞானரட்ணத்துக்கு மணம் வந்தது. தகரத்தில் அடைத்த சாளை மீன். தடுக்கக் கையை நீட்டினான்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. பாணைப் பார்த்தாள், எதிரில் நனைந்த சட்டைக் கைகளோடு நடுங்கிக்கொண்டு நின்ற கிழவரைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

"கடல் மீன்," என்றாள்.

"ஓம்."

இன்னொரு வாய் கடித்தாள். "உறைப்பே இல்லை," என்றாள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று பீற்றர் கேட்டார். ஞானரட்ணத்துக்கு ஆங்கிலத்தில் சொல் வரவில்லை. கிழவர் காத்திருக்கவில்லை, மற்றப் பாதியையும் எடுத்து அவள் கையில் வைத்தார்.