ஊமைக் குகைக்கு வெளிச்சம்

ஏழு மாதம் உட்கார்ந்து நான் ஒரு இருட்டை வரைந்தேன். இப்படிச் சொன்னால் என் சொந்த அக்காவே சிரிக்கிறாள். கறுப்பு மையைக் கொட்டினால் முடிந்தது, அதற்கு எதற்கு ஏழு மாதச் சம்பளம் என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஒசாகாவில், ஜூசோ ரயில் நிலையத்துக்குப் பின்னால், கோழி சுடும் கடை ஒன்றின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தம் ஆறு பேர். பெரிய கம்பெனிகள் தாங்கள் செய்ய நேரமில்லாத வீடியோ விளையாட்டுகளை எங்களிடம் தள்ளிவிடுவார்கள்; பெட்டியின்மேல் அவர்கள் பெயர் இருக்கும், எங்கள் உடுப்பில் கோழிப் புகை இருக்கும். இரண்டாயிரமாவது வருடக் கடைசியில் அப்படித்தான் 'ஒன்பது விளக்குகளின் நாடு' எங்கள் கைக்கு வந்தது. பல பாகங்களாக வந்த அந்த மாயக்கதையைப் படிக்காத பிள்ளை அப்போது ஜப்பானில் கிடையாது. அதை, அடுத்த வருடம் கடைக்கு வரப்போகும் புதுக் கையடக்கக் கருவிக்கு விளையாட்டாக மாற்றித் தர வேண்டும். கோடை விடுமுறைக்கு முன் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும்.

கதையில் தோவா என்ற பன்னிரண்டு வயதுப் பெண் தன் ஊருக்கு விளக்குத் தேடிப் போகிறாள். வழியில் ஊமைக் குகை. புத்தகத்தில் எல்லாருக்கும் பிடித்த இடம் அதுதான், எனக்கும். தொகுனாகா-சான், அவர்தான் எங்கள் முதலாளி, படம் வரையும் மூன்று பேரில் அதை என்னிடம் கொடுத்தார். நாற்பது அறைகள். கறுப்பு இல்லை, ஒரு அறையில்கூட வெறும் கறுப்பு இல்லை. ஈரக் கறுப்பு, பாசிக் கறுப்பு, விடியப்போகிற கறுப்பு என்று ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாகக் கலந்தேன். பத்து வருடம் அடுத்தவன் வரைந்த அரக்கனுக்கு நகம் வரைந்தே காலம் தள்ளியவள் நான். முழுதாக என்னுடையது என்று சொல்ல அந்தக் குகை ஒன்றுதான் இருந்தது.

எழுத்தாளர்களை மரியாதையாகச் சென்செய் என்போம்; கதையை எழுதிய உஜிஹாரா சென்செய்க்கு, டிவியில் ஓட்டி எடுத்த வீடியோப் பதிவை அனுப்பினோம். எந்தப் படமானாலும் அவர் பார்த்து, காகிதத்தில் தன் முத்திரையைக் குத்தினால்தான் விளையாட்டில் சேரும். குத்தியபின் ஒரு புள்ளியை மாற்றினாலும் மறுபடி அவரிடம் போக வேண்டும். மகா பிடிவாதக்காரர். தோவாவின் தொப்பியை நான்கு முறை திருப்பி அனுப்பியவர். குகைக்கு மட்டும் ஒரே தடவையில் முத்திரை போட்டு, ஓரத்தில் 'இதுதான் என் இருட்டு' என்று எழுதியிருந்தார். மூன்று நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

இப்போது எங்கள் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

நாங்கள் வேலை செய்ததெல்லாம் டிவியில். கருவியின் உள் மின்பலகையை டிவியோடு இணைத்து, அதில்தான் வரைவோம், அதில்தான் ஓட்டிப் பார்ப்போம். நிஜக் கருவி கடைசி மாதம்தான் வந்தது, அதுவும் ஒன்றே ஒன்று. வந்ததை என்ன செய்தோம்? கீறல் விழக்கூடாது, கைரேகை படக்கூடாது, திருப்பிக் கேட்டால் வந்தபடியே கொடுக்க வேண்டும் என்று தொகுனாகா-சான் அதைத் துணியில் சுற்றி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஆறு பேரும் சரி சரி என்று தலையாட்டினோம். பிள்ளைகள் சாஸ் ஒழுகும் கையோடு தூக்கிக்கொண்டு அலையப்போகிற ஒரு பொருளை நாங்கள் பொத்திப் பொத்திப் பாதுகாத்தோம். இந்த அறிவாளித்தனம் வேறு எந்தத் தொழிலில் நடக்கும்?

கடைப் பிரதிகளுக்கெல்லாம் மூலமான தாய்ப்பிரதியைப் பெரிய கம்பெனியிடம் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். அந்த வாரத் திங்கட்கிழமை, சாப்பிடும் நேரத்தில் ஒரு ஆசை வந்தது. குகையை ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்கிறேன் என்று நச்சரித்து, கருவியை வாங்கிக்கொண்டு பக்கத்து ஊதோன் நூடுல்ஸ் கடைக்குப் போனேன். கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, தோவாவைக் குகைக்குள் அனுப்பினேன்.

என் முகம் தெரிந்தது. கீழ் உதட்டில் வெங்காயத்தாள் ஒட்டியிருந்தது, அதுவும் தெளிவாகத் தெரிந்தது. குகை தெரியவில்லை.

அந்தக் கருவியின் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இது எங்கள் ஆறு பேருக்கும் தெரியும், தாளில் எழுதியே வந்திருந்தது. ஜன்னலோரம் போனேன், தெருவுக்குப் போனேன், உச்சி வெயிலில் நின்று கருவியை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். என் ஏழு மாதம் ஒரு கறுப்புக் கண்ணாடியாக இருந்தது. சாப்பாட்டுக்குக் காசு கொடுக்காமலே மாடிக்கு ஓடிவிட்டேன், கடைக்காரர் பின்னாலேயே வந்தார்.

நிரல் எழுதும் கமதா-சான் கருவியை வாங்கி, குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குகை விளையாட்டின் இரண்டாவது கட்டம். அங்கே வழி தெரியாமல் நின்றால் அதற்குப் பிறகு உள்ள ஆறு கட்டமும் இருந்தும் இல்லாத மாதிரிதான். தொகுனாகா-சானின் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், 'வெளிச்சமான இடத்தில் விளையாடவும்' என்று விளக்கப் புத்தகத்தில் ஒரு வரி போட்டுவிடலாமே என்றார். எனக்கு வந்த கோபத்தில், குகையைச் சூரியனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டேன். கமதா-சான்தான் பொறுமையாக வழி சொன்னார்: கோடுகளைத் தொட வேண்டாம், நிறங்களை மட்டும் மாற்றினால் போதும், இரண்டு நாள் வேலை. ஆனால் சென்செயின் முத்திரை வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நானும் தொகுனாகா-சானும் கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினோம். மன்னிப்புக்குக் கொண்டுபோகிற இனிப்பு கனமாக இருக்க வேண்டும். கையில் வாங்குகிறவருக்கு நம் வருத்தத்தின் எடை தெரிய வேண்டும். பயற்றங்கட்டி ஐந்து அடுக்கிய பெட்டி, செங்கல் கட்டு மாதிரி. சென்செயின் வீடு இருந்த இகோமா மலைப் படிகளில் அதை முழுக்கத் தூக்கியவள் நான். தவறு செய்தவள்தானே தூக்க வேண்டும்.

உஜிஹாரா சென்செய்க்கு ஐம்பது வயது இருக்கும். கம்பளிச் சட்டையில் முழங்கை ஓட்டை. நான் பாயில் நெற்றி படக் குனிந்து, குகை கண்ணுக்குத் தெரியவில்லை, தவறு என்னுடையது, நிறத்தை ஏற்ற அனுமதி வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியக் கூடாதுங்க. அதுக்குப் பேருதான் குகை," என்றார் அவர். "இவ்வளவு நாள்ல எனக்குப் புடிச்ச மாதிரி வந்தது அது ஒண்ணுதான். அதையும் கெடுக்க வந்திருக்கீங்க. ஒரு விளக்குகூட ஏத்த விடமாட்டேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் படத்துக்காக ஒரு பெரிய மனிதர் சண்டை போடுகிறார், அதுவும் என்னோடு. அப்படியே எழுந்து வந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் உண்மையிலேயே நினைத்தேன். என் இருட்டு பத்திரமாக இருக்கும். நாட்டில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் அதற்குள் முட்டிக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான். தொகுனாகா-சான் என் பக்கம் பார்த்தார். நான் துணியைப் பிரித்துக் கருவியை எடுத்து சென்செயின் முன் நீட்டினேன்.

சென்செய் அதுவரை அதைக் கையால் தொட்டதே இல்லை. தலைகீழாகப் பிடித்தார். எந்தப் பொத்தானுக்கு என்ன என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

முதல் குழியில் விழுந்தார். தோவா திரும்பக் குகை வாசலில் நின்றாள். மறுபடி விழுந்தார். ஜன்னல் பக்கம் நகர்ந்தார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்ததைப் பார்க்கவேயில்லை. எட்டாவது முறை வீட்டு வாசல் திண்ணைக்கே போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். பதினோராவது முறை விழுந்ததும் கருவியை மடியில் போட்டார்.

"எந்த மடையன் இந்தக் குழிய இங்க வெச்சது?"

"நீங்கதான் சென்செய்," என்றேன். "மூணாவது புத்தகம். வாசல்லேருந்து ஏழாவது அடி."

தொகுனாகா-சான் கண்ணை மூடிக்கொண்டார். இன்றோடு கம்பெனி ஒழிந்தது என்று நினைத்திருப்பார். சென்செய் என்னை முறைத்தார், பிறகு கருவியை முறைத்தார்.

"புத்தகத்துல தோவாதான் விழுந்தா," என்று மெல்லச் சொன்னார். "படிக்கிறவங்க மேல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாங்க. இதுல நானே விழறேனே."

"ஆமாங்க. வழி தெரியாத இடம்னா பயப்படுவாங்க, பயம் நல்லது. எதுவுமே தெரியலன்னா பயப்படமாட்டாங்க. மூடி வெச்சிட்டுப் பந்து விளையாடப் போயிடுவாங்க."

"இத எத்தனை மாசம் வரைஞ்சீங்க?"

"ஏழு."

"மாத்த மனசு வருதா?"

"வரல," என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. "நேத்துலேருந்து வயிறு எரியுது சென்செய். ஆனா யாருமே பாக்காத படத்த வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அவர் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் காகிதமும் முத்திரையும் இருந்தன. குத்திவிட்டு, பழைய தாளைக் கொடுங்கள் என்று வாங்கி, 'இதுதான் என் இருட்டு' என்ற வரியை எனக்கு ஞாபகமாகக் கிழித்துத் தருவாரோ என்று பார்த்தால், தாளையே மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் நாற்பது அறைகளுக்கும் நிறம் மாற்றினேன். இந்தத் தடவை டிவியைத் திருப்பி வைத்துவிட்டு, கருவியைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். பாசிக் கறுப்பைப் பச்சையாக்கினேன், ஈரக் கறுப்பை நீலமாக்கினேன். ஒவ்வொன்றையும் மாற்றும்போது திட்டிக்கொண்டேதான் மாற்றினேன். கமதா-சான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். வெள்ளி பதினொன்றரைக்குத் தொகுனாகா-சான் தாய்ப்பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு ரயிலேறினார். நான் வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துவிட்டேன். நல்ல காரியம் செய்த நிம்மதி என்று சொல்வார்களே, அதெல்லாம் எனக்கு வரவில்லை. ஏதோ சாவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

விளையாட்டு ஜூலையில் வந்தது, நன்றாகவே விற்றது. பத்திரிகைகள் தோவாவின் தொப்பியைப் பாராட்டின. குகையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாததால்தான் அது சரியாக இருக்கிறது என்று கமதா-சான் ஆறுதல் சொன்னார். ஆறுதலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் கடைசியில் எனக்குக் கடைவாய்ப்பல் படுத்தியது. பல் டாக்டர் ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாவும் ஒன்பது பத்து வயதுப் பெண்ணும். பெண்ணின் கன்னம் வீங்கியிருந்தது. மடியில் அந்தக் கருவி. எட்டிப் பார்த்தேன்: ஊமைக் குகை, இருபத்தாறாவது அறை.

தோவா அசையாமல் நின்றாள். அந்த அறையில் சண்டை இல்லை, புதையல் இல்லை. கடந்து போக மூன்று வினாடி போதும். பெண் போகவில்லை. திரையை முகத்துக்கு அருகே கொண்டுபோய் மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சுசுனா, எழுந்திரு. கூப்பிடறாங்க பாரு," என்றாள் அம்மா.

"அம்மா, இங்க பாரேன். இங்க யாரோ குடியிருந்திருக்காங்க."

"வெறும் கல்லுதான இருக்கு."

"இல்லம்மா, மேல பாரு, கரி புடிச்சிருக்கு. கீழ அடுப்பு எரிஞ்சிருக்கு. இவ்ளோ இருட்டுல உக்காந்து யாரோ சமைச்சிருக்காங்கம்மா. பாவம்."

அந்தக் கரியை யாரும் என்னை வரையச் சொல்லவில்லை. புத்தகத்திலும் இல்லை. தோவாவுக்கு முன்னால் அந்த வழியாக வந்து, வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட யாரோ ஒருத்தி இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்காக ஒரு அடுப்பு வைத்தேன், கூரையில் புகை படிய வைத்தேன். சென்செய்கூட அதைப் பார்க்கவில்லை. அந்தப் பழைய இருட்டில் எப்படித் தெரியும்?

அது நான் வரைந்ததம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதி முகம் மரத்துக் கிடந்தது. ஏதோ ஒரு சத்தமும் கொஞ்சம் எச்சிலும்தான் வெளியே வந்தன. அந்தப் பெண் பயந்து அம்மாவின் பக்கம் ஒண்டிக்கொண்டாள். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். போகும்போதும் அவள் கண் திரையில்தான் இருந்தது.

பேச்சு வரவில்லையே தவிர, அழுகை தாராளமாக வந்தது. டாக்டரிடம் உதவிக்கு இருந்த பெண் ஓடிவந்து, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.