அடங்கிய சத்தம்

தச்சருக்கு நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்த பிறகு அந்த வீட்டில் கடிகாரத்துக்கு வேலையில்லை. மனிதர் சட்டையைக் கழற்றினால் போதும், டிக் டிக் என்று அறை முழுக்கக் கேட்கும்.

"நான் மனுஷனோட குடும்பம் நடத்துறேனா, கடிகாரத்தோடயா? கொஞ்சம் நிறுத்தித்தான் வையுங்களேன்" என்பாள் அவர் மனைவி. கேலிதான். ஆனாலும் மதியம் கண்ணயரும்போது அந்தச் சத்தம் அவள் உயிரை வாங்கியது என்பதும் உண்மை. அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவார்.

வால்வில் ரத்தம் உறையாமலிருக்க அவர் ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். தச்சு வேலையில் உளி படாத நாள் உண்டா? மாத்திரை உள்ளே போனால் சின்னக் கீறல்கூட நிற்காமல் ஒழுகியது. ரத்தக்கறை பட்ட கதவு ஒன்றை வாங்கியவர் திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். மனைவி கேட்டால் "போட்டாச்சு" என்பார். நெஞ்சைவிடப் பலகை பெரிதாய்ப் போயிற்று அந்த மகானுபாவருக்கு!

கொஞ்ச நாளில் சத்தம் மங்கியது. பிறகு காதை வைத்தால்தான் கேட்கும் என்றானது.

"உடம்பு வால்வை ஏத்துக்கிச்சு போலடி" என்று மகளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள் அவள். அவரும் தலையணையோடு அறைக்குத் திரும்பினார். மதியங்களில் அவள் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள்.

ஒரு நாள் பட்டறையில் அவர் வலது கையிலிருந்து உளி நழுவியது. வாய் கோணியது. வால்வில் உறைந்த ரத்தம் உடைந்து மூளைக்குப் போய்விட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"சத்தம் கொறைஞ்சதை யாரும் கவனிக்கலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"கவனிச்சேன். நல்லாயிடுச்சுன்னு நெனச்சேன் டாக்டர்."

"ரத்தம் உறைஞ்சு ஒட்டினாத்தான்மா வால்வு சத்தம் அடங்கும்" என்றார் டாக்டர்.

மறுபடி நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்தார்கள். உயிர் மிஞ்சியது. பேச்சும் வலது கையும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மதியம், படுத்தவுடன் டிக் டிக் என்றது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது கையால் தலையணையை இழுத்து, கூடத்தைக் காட்டினார்.

"ஒண்ணும் வேண்டாம். இங்கயே படுங்க" என்று அதைப் பிடுங்கி அவர் தலைக்கு வைத்தாள்.

மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. நல்ல புழுக்கம்தான். அவள் எழுந்து அதை நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.