என் தப்புதான் என்று சொன்ன ஜூனியர்

1

இது என் அக்கா மகளின் கதை. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ மாமா, ஆனா என்னைப் பாவமாக் காட்டாத" என்றாள். அப்பன் கல் உடைத்து, அம்மா அதைச் சுமந்து வக்கீலாக்கிய பெண். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலையில் அப்படியென்ன நோவு என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'நல்லதொரு அலுவலகம் தேடி அவள்…'

அடித்துவிட்டேன். நல்லது என்று நான் எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அவளே நம்பவில்லை.

2

அவளுடைய பழைய சீனியர் வக்கீலுக்கு ஜூனியர்கள் வைத்த பெயர் 'இடி'. வழக்கைப் படிக்காமலே வருவார். வழக்கைக் கூப்பிட்டதும் இவளைப் பார்ப்பார். இவள் எழுந்து, "ஃபைலைக் கொண்டுவர மறந்துட்டேன், என் தப்புதான், ஒரு வாய்தா வேணும்" என்பாள். நீதிபதி திட்டுவார். இடியும் சேர்ந்து தலையை ஆட்டுவார்.

(ஃபைல் அவர் கைப்பையிலேயே இருக்கும்.)

காலையில் கறுப்புக் கோட்டை எடுத்ததுமே அவளுக்குக் குமட்டும். "வாந்தி எடுத்தாச்சா, கிளம்பலாமா?" என்று அறைத் தோழி கேட்பாளாம், டீ குடிச்சாச்சா என்பதுபோல.

3

வேலை கேட்டுப் போன புது இடத்தில் சீனியர் ஒரு பெண்மணி.

"இங்க யாரும் கத்தமாட்டோம்."

"கத்தாம வேற என்ன பண்ணுவீங்க, மேடம்?"

மேடம் சிரித்துவிட்டார். "என்னையே குறுக்கு விசாரணை பண்றியா? சேர்றியா இல்லையான்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லும்மா. இன்னொருத்தங்களும் கேட்டிருக்காங்க."

வெளியே வந்து போனில் என்னைத்தான் அழைத்தாள். "சிரிக்கிறாங்க மாமா. அதான் இடிக்குது. இதுவும் அதே மாதிரின்னா கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு வேற பொழப்பு பாத்துக்கறேன்."

(இந்த இடத்தில் மேடத்தின் கண்ணில் கருணை தெரிந்ததாக ஒரு வரி வைத்திருந்தேன். யார் பார்த்தது? எடுத்துவிட்டேன்.)

4

மறுநாள் அவள் கோர்ட்டில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள், வேவு பார்க்க. மேடத்தின் வழக்கு வந்தது. எழுந்தது அவருடைய ஜூனியர், ஒரு சின்னப் பெண்.

"ஆவணத்தைத் தாக்கல் பண்ணாதது என் தப்புதான். ஒரு வாய்தா வேணும்."

அதே வரி. இவள் எழுந்து அந்தப் பெண்ணின் பின்னாலேயே போனாள். வராந்தாவில் அவளை மடக்கினாள்.

"அப்படிச் சொல்லச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலக்கா. நான்தான் மறந்துட்டேன்."

"மேடம் திட்டலையா?"

"திட்டாம? நல்லாத் திட்டினாங்க. அப்புறம், சாப்பிட்டியான்னாங்க."

"வெளிய யாராவது கேட்டா இப்படிச் சொல்லுன்னு…"

"அக்கா, நீங்க யார்கிட்ட ஜூனியர்?"

இவள் இடியின் பெயரைச் சொன்னாள்.

"ஓ" என்றாள் அந்தப் பெண். படியிறங்கிப் போய்விட்டாள்.

5

அந்தப் பெண் பொய் சொன்னதாக ஒரு முடிவு எழுதினேன். 'எனக்கு அப்பவே தெரியும்' என்று நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். இவள் சேர்ந்து செழித்ததாக இன்னொன்று. அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் அவளையே கேட்டேன்.

"அந்தப் பொண்ணு சொன்னது நெசமா இருக்கலாம் மாமா. ஆனா அதே வரிய நான் எத்தனையோ தடவை பொய்யாச் சொல்லிட்டேன். நெசமாச் சொன்னா அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. நீ சொல்லேன்."

மாட்டேன் என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டால் கோட்டைக் கழட்டப்போவது நான் இல்லை. சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படியிருந்தது என்பதையும் இதனால்தான் எழுதவில்லை. எழுதியிருந்தால் தீர்ப்பு என்னுடையதாகியிருக்கும்.

இப்போது சாயங்காலம். அவள் மேடத்தை அழைத்துவிட்டாள்.

"சொல்லும்மா" என்கிறார் மேடம்.

மீதியை நீங்கள் எழுதுங்கள். சேர்வதாக எழுதினாலும் சரி, மறுப்பதாக எழுதினாலும் சரி, அவளைப் பயந்தவளாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.