வாய்க்கட்டு

தனசேகரன் சார் போனில் "சூப்பர் விஷுவல், இசபெல்லா" என்றாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் செய்தி ஆசிரியர் கள்ளக்குறிச்சி நிருபரைப் பாராட்டுகிறார் என்றால், எதையோ கத்தரித்துவிட்டார் என்று அர்த்தம். மனுஷன் சும்மா யாரையும் புகழ மாட்டார்.

அன்று நான் அனுப்பியது மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன ஊரின் திருவிழா. அம்மனுக்குப் பொங்கல் பானை சுமப்பவர், பானையில் எச்சில் தெறித்துவிடக் கூடாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். வாய்க்கட்டு என்பார்கள். இந்த வருஷம் பானை சுமந்தவர் இருசப்பன். வாயில் சிவப்புத் துணி, காலில் செருப்பில்லை. நானும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கல்லும் முள்ளும் குத்தக் குத்தப் பின்னாலேயே ஓடி எடுத்தேன். மாதாகோயிலில் முக்காடு போட்டு முட்டி போடுகிறவள் நான். இன்னொருத்தர் சாமிக்கு முன்னால் எப்படி நிற்பது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வழக்கம் என்ன, ஏன் என்று என் குரலிலேயே சொல்லி அனுப்பினேன்.

சாயங்கால விவாதத்தில் அந்தப் படம் கறுப்பு வெள்ளையில் ஓடியது. சிவப்புத் துணி கறுப்புத் துணியாகத் தெரிந்தது. பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். 'சாலை கேட்டு வாய் கட்டிப் போராடும் மலை மக்கள்' என்று கீழே எழுத்து. என் குரல் போன இடம் தெரியவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் சேனல் எங்களுடையது. ஆளுங்கட்சிச் சேனல் மட்டும் சளைத்ததா? அதே படத்தைச் சுட்டு, கலரிலேயே போட்டு, 'சிவப்புத் துணி கொடுத்து அனுப்பிய கட்சி எது?' என்று கேட்டது. இரண்டிலும் சட்டை மடிப்புக் கலையாமல் நாலு நாலு பேர் கத்தினார்கள். ஒருத்தர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை.

"சார், அது போராட்டம் இல்ல. பூசை."

"அங்க ரோடு இல்லதானே?"

"இல்ல சார். ஆனா..."

"அப்ப தெரியாமலே போராடறாங்கன்னு வெச்சுக்கோ."

பதில் தயாராக வைத்திருந்த மாதிரி இருந்தது. தெரிந்தேதான் கலரை நீக்கியிருக்கிறார் என்று அப்போதே எனக்குப் பட்டது.

மறுநாள் மலையேறினேன். இருசப்பனின் மனைவி தைலம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"எந்தக் கட்சி உன்ன அனுப்பிச்சிது?"

"கட்சியெல்லாம் இல்லக்கா."

அவள் கண் என் கழுத்துச் சிலுவையில் போய் நின்றது. "அப்ப எங்க சாமிய அசிங்கப்படுத்தத்தான் வந்தியா?"

சுருக்கென்றது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் அவள் நிலைமையை வரும் வழியிலேயே கேள்விப்பட்டிருந்தேன். அருவிப் பக்கம் ஒரு விடுதியில் இருசப்பனுக்குக் காவல் வேலை. அதை விட்டால் கூலிக்கு மலையிறங்கத்தான் வேண்டும். விடுதி முதலாளி ஆளுங்கட்சிக்காரர். "எங்களுக்கு எதிரா வாயக் கட்டிக்கினவனுக்கு இங்க வேல இல்ல. அது போராட்டம் இல்லன்னு அதே டிவில இன்னிக்கு சொல்லட்டும், பாக்கலாம்" என்று காலையில் வேலைக்குப் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

இருசப்பன் உள்ளேயிருந்து வந்தார். "அதான் இந்தப் பொண்ணே வந்துகீதே. எடும்மா, சொல்றேன்."

கேமராவை நேராகப் பார்த்துப் பேசினார். "நான் யாரையும் எதுத்துக் கட்டலைங்க. அம்மன் பானையில எச்சி படக்கூடாது, அதான் கட்னேன். ரோடு வோணும்னா வாயத் தொறந்து கேக்க மாட்டமா? மூடிக்கினு யாராவது கேப்பாங்களா?"

அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். "சார், வெட்டாம போடுங்க. ஒருத்தர் பொழப்பு இதுல இருக்கு."

"போட்டுடலாம். சூப்பர் விஷுவல், இசபெல்லா."

இந்தப் பாராட்டை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் கரியாலூர் டீக்கடை டிவி முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். விடுதி முதலாளியும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று இருசப்பன் திரும்பத் திரும்பச் சொன்னார். தைலம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் டீயை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

இருசப்பன் முகம் வந்தது. கறுப்பு வெள்ளையில்தான். வாய் அசைந்தது, கை ஆடியது. அவர் குரலுக்குப் பதிலாக விவாதம் நடத்துகிறவரின் குரல் வந்தது. "கட்டு அவிழ்ந்தது! வெடிக்கிறது மலை மக்களின் கோபம்!"

"சவுண்டு கம்மியா கீது. கூட்டுங்க" என்றார் இருசப்பன்.

கடைக்காரர் கூட்டினார். விவாதக்காரர் இன்னும் பலமாகக் கத்தினார்.

"இன்னும் கூட்டுங்க."

ரிமோட்டை வைத்துக்கொண்டு கடைக்காரர் என்னைப் பார்த்தார். திரையில் இருசப்பன் பேசி முடித்துக் கும்பிட்டார்.

தைலம்மாள் என் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை சிலுவையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"கட்ட அவுத்துட்டுத்தானே பேசனாரு? ஏம்மா சத்தம் வரல?"