வலது பக்கம் பார்க்கும் முகங்கள்

கடையில் கடைசி ஆள் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே போகும்வரை அந்தக் கிழவி எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இரண்டு முறை என்ன வேண்டுமென்று கேட்டேன். இரண்டு முறையும் "அவங்கள முதல்ல பாருங்க" என்று மற்றவர்களைக் கைகாட்டிவிட்டாள். மதியம் கடை மூடும் நேரம். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, கைப்பையிலிருந்து நான்காக மடித்த சுவரொட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கண்காட்சிக்காக அச்சடித்து ரயில் நிலையத்தில் ஒட்டியது. உரித்தெடுத்ததில் ஒரு மூலையில் சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து வந்திருந்தது.

"இதக் கிழிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க, டாக்டரம்மா" என்றாள். பிறகு சுவரொட்டியில் இருந்த முகத்தைத் தொடாமல், விரலை அதற்கு மேலே நிறுத்தி, "இது எங்கம்மா" என்றாள்.

இத்தாலியில் எங்கள் ஊரான தோர்ரே தெல் கிரேக்கோவில் மருந்துக்கடை வைத்திருந்தாலே டாக்டர்தான். ஆனால் ஊரில் பாதிப்பேருக்கு என்னைத் தெரிந்தது மாத்திரைகளால் அல்ல. சங்கின் ஓட்டில் செதுக்கிய பழைய முகங்களை, கேமியோக்களை, முப்பது வருடமாகச் சேர்த்து வருகிறவள் நான். தேவதைகளையும் ரோஜாப் பூக்களையும் நான் வாங்குவதில்லை. உண்மையில் வாழ்ந்த மனிதர்களின் முகமாக இருக்க வேண்டும். செதுக்கியவர் யார், செதுக்கப்பட்டவர் யார் என்று கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. "உயிரோட இருக்கிற என்ன ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கியா?" என்று என் கணவர் கேட்பார். அவர் போய் ஏழு வருடமாகிறது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது.

சுவரொட்டியில் இருந்தது என்னிடமுள்ள நாற்பத்து மூன்று முகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது. பழுப்பு நிறப் பின்னணியில் பால் வெள்ளையாக ஓர் இளம்பெண், வலது பக்கம் பார்த்தபடி. நெற்றி கொஞ்சம் அகலம், உதடு இறுக்கம். காது மடலின் கீழ்நுனி இரண்டாகக் கிழிந்திருந்தது. வேறு எந்தச் செதுக்குக்காரரும் அந்தக் கிழிசலை நாசூக்காக மூடியிருப்பார். இதைச் செதுக்கிய எங்கள் ஊர் சவேரியோ மூடவில்லை. ஒரு மயிரிழைக் கோடாக அதையும் செதுக்கி, பின்பக்கம் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருந்தார். அந்த ஒரு கோட்டுக்காகவே பதினோரு வருடம் அலைந்தேன். கடைசியில் சொர்ரெந்தோவில் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. லுக்ரேசியா என்ற கப்பல் கேப்டன் மனைவிக்கு வண்டி கவிழ்ந்து வலது காது கிழிந்ததாக அவளுடைய நாத்தனார் எழுதியிருந்தாள். போதாதா? சேகரிப்பாளர்களின் இதழில் எட்டுப் பக்கம் கட்டுரை எழுதினேன். கண்காட்சியிலும் அந்தப் பெயரைத்தான் கீழே போட்டிருந்தேன்.

கிழவியின் பெயர் கொன்சீலியா. எண்பத்து நான்கு வயது. அனாதை மடத்தில் வளர்ந்தவள், மாதா கோயில் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டே காலத்தை ஓட்டியவள். மடத்துப் பதிவேட்டில் தன்னைப் பற்றி எழுதியிருந்ததை மனப்பாடமாகச் சொன்னாள்: குழந்தையைக் கொண்டுவந்தவள் இளம்பெண். கருத்த முடி. பவளம் மெருகேற்றும் பட்டறையில் வேலை. இடது காது கிழிந்திருக்கிறது. பெயர் சொல்ல மறுத்துவிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு, மார்ச்.

உள்ளறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, பெட்டியிலிருந்து அந்தக் கேமியோவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனாள். சோடா உப்பில் ஊறி ஊறி நகம் தேய்ந்துபோன கட்டைவிரல். அது கன்னத்தை விட்டுவிட்டு நேராகக் காதுக்குப் போயிற்று.

"இங்கதான்" என்றாள் மெதுவாக.

அப்போது நான் கேட்டேன். "பதிவேட்டுல எந்தக் காதுன்னு இருந்துச்சு?"

"இடது."

"இது வலதும்மா. வலது பக்கம் பாத்துட்டு இருக்காங்க இல்ல? நமக்குத் தெரியறது வலது காதுதான்."

அவளுக்குப் புரியவில்லை. அந்த முகத்தைப் போலவே தானும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டாள். பிறகு மறு காதைத் தொட்டாள். வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையைப் போல அவசரமாக இரண்டாவது முறையும் செய்து பார்த்தாள்.

"அப்ப இது அம்மா இல்லையா?"

"இல்லம்மா. இவங்க பேரு லுக்ரேசியா. ஒரு கேப்டனோட பொண்டாட்டி."

கட்டைவிரல் அந்தக் காதை விட்டு விலகியது. வேறொருத்தியை அனுமதியில்லாமல் தொட்டுவிட்டதுபோல அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, டாக்டரம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். விசாரிக்கிறேன் என்று சொன்னேன். போகும்போது சுவரொட்டியை அதே மடிப்பில் மடித்து மேசைமேல் வைத்தாள். "வேற யாரோட அம்மாவோ. நான் வச்சுக்கிறது முறையில்ல."

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் "இடது" என்று சொன்ன அந்தக் கணத்தில் என் நெஞ்சுக்குள் ஏற்பட்டது பரிதாபம் இல்லை. சந்தோஷம். பதினோரு வருட உழைப்பும் எட்டுப் பக்கக் கட்டுரையும் பிழைத்தன என்ற சந்தோஷம். பவளப் பட்டறைக்காரி ஒருத்திக்காகக் கேப்டன் மனைவியை இழக்க வேண்டியதில்லை என்ற அற்பத்தனமும் அதில் கலந்திருந்தது.

விசாரிக்கவும் செய்தேன், பேருக்கு. சவேரியோவின் மகள் பல்மீராவிடம் தொலைபேசியில் பேசினேன். எழுபத்தைந்து வயதிலும் நாக்கு அரம்போல இருக்கும் அவளுக்கு. உங்கள் அப்பா முகத்தை இடம் வலமாகத் திருப்பிச் செதுக்குவாரா என்று கேட்டேன்.

"ஏண்டி ஒத்தாவியா, முகம் என்ன கால்சட்டையா, உள்புறம் வெளிப்புறமாத் திருப்பிப் போட? எங்கப்பா கண்ணால பாத்ததத்தான் செதுக்குவாரு. வேற ஏதாவது வேணுமா, அடுப்புல பீன்ஸ் கொதிக்குது."

எனக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் முகம் வலது பக்கம் பார்ப்பதுதான் வழக்கம், வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். என் பெட்டியிலிருந்த நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்று வலது பக்கம்தான் பார்த்தன. செதுக்குக்காரர்கள் புகைப்படத்தை வைத்துத்தான் செதுக்கினார்கள். புகைப்படம் எடுக்கப் போன அத்தனை பேருமா ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்டுவிடும் கேள்வி. நான் கேட்கவில்லை. ஒரு அஞ்சலட்டையில், "விசாரித்தேன், உங்கள் தாயார் அல்ல, வருந்துகிறேன்" என்று எழுதிக் கொன்சீலியாவுக்குப் போட்டேன். அது அக்டோபர்.

மார்ச்சில் பல்மீரா கூப்பிட்டாள். லிவோர்னோவில் இருக்கும் மகனிடம் போகிறாளாம், அப்பாவின் பட்டறை மேசையைத் தச்சன் வாங்கிக்கொள்கிறானாம். "அதுல கிடக்கிற குப்பைய நீ எடுத்துக்கிறியா, இல்ல நான் அடுப்புல போடவா?" என்றாள். ஓடினேன். இழுப்பறைகளில் மழுங்கிய செதுக்கு ஊசிகள், சங்கை ஒட்டிப் பிடிக்கும் மரக்குச்சிகள், காய்ந்த பிசின். கடைசி இழுப்பறை மரம் உப்பித் திறக்க மறுத்தது. தச்சன் கத்தியை நுழைத்து நெம்பினான்.

உள்ளே ஒரு பலகை. அதன் ஒரு முனையில் உள்ளங்கை அளவு கண்ணாடி நிறுத்தப்பட்டிருந்தது. மறு முனையில், கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு தகரப் பிடிப்பு. பிடிப்பில் இன்னும் ஒரு புகைப்படம் செருகியிருந்தது.

"அட, இதுவா" என்றாள் பல்மீரா. "படத்த அங்க வச்சிட்டு இந்தக் கண்ணாடிக்குள்ள பாத்துப் பாத்துத்தான் செதுக்குவாரு. நான் சின்னப் பிள்ளையில இத வச்சுத் தலை பின்னுவேன், அடி வாங்குவேன்."

"அன்னிக்கு நான் கேட்டப்ப இத ஏன் சொல்லல?"

"திருப்புவாரான்னு கேட்ட. அவரு எங்க திருப்பினாரு? கண்ணாடியில தெரிஞ்சத அப்படியே செஞ்சாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுடி?" என்றாள்.

புகைப்படத்தில் அந்தப் பெண் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அகல நெற்றி, இறுக்கமான உதடு, கிழிந்த இடது காது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ஓர்சொலா, பத்தொன்பது வயது, பவளப் பட்டறை. மிக்கேலே கடலுக்குப் போவதற்கு முன் செய்யச் சொன்னது, 1913. அதன் கீழே வேறு மையில்: வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

பல்மீரா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் இறங்கினேன். வீட்டுக்குப் போய்க் கேமியோவையும் எடுத்துக்கொண்டு, மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கு நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மன்னிப்பு முதலிலா, பெயர் முதலிலா? பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்கள் அம்மாவின் பெயர் ஓர்சொலா. அதைக் கேட்டதும் அந்த முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

கொன்சீலியாவின் கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் தித்தீனா என்ற பெண் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மருந்துக்கடை டாக்டரம்மா தான? அவ போயி ஒன்பது வாரமாச்சு. ஜனவரியில, மூணு ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள். நெஞ்சுல சளி."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் பக்கத்து நாற்காலியிலிருந்த பட்டாணிக் கிண்ணத்தை எடுத்து எனக்கு இடம் விட்டாள்.

"உங்ககிட்ட வந்த அன்னிக்கு என் செருப்பத்தான் போட்டுட்டு வந்தா. அவளோடது கிழிஞ்சிருந்துச்சு. 'முதல் தடவையா அம்மாவப் பாக்கப் போறேன், இந்தக் கோலத்துலயா போறது'ன்னா. எனக்குச் சின்னக் கால், அவளுக்குப் பெருசு. திரும்பி வந்தப்ப குதிகாலெல்லாம் ரத்தம். பாத்தியான்னு கேட்டேன். 'நான்தான் காத மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன், அது யாரோ பெரிய இடத்து அம்மா'ன்னு சிரிச்சா. உங்க அட்டை வந்தப்ப நான்தான் படிச்சுக் காட்டினேன். இன்னொரு தடவ படின்னா. படிச்சேன்."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய காரணமும் அவளுக்கு இல்லை. புகைப்படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நெத்தி அப்படியே அவளோடது" என்று மட்டும் சொன்னாள். பிறகு, வியாழக்கிழமை கல்லறைச் சுவரில் கல் பதிக்கிறார்கள், வேண்டுமானால் வாருங்கள் என்றாள்.

போனேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வசதி இல்லாதவர்களுக்குச் சுவரில் அடுக்கடுக்காக மாடங்கள். மாடத்தை மூடும் ஒவ்வொரு கல்லிலும் பீங்கானில் பதித்த முட்டை வடிவப் படம் ஒன்று இருக்கும். எல்லாரும் நேராகப் பார்த்தபடி இருந்தார்கள். கொன்சீலியாவின் கல்லில் பெயரும் இரண்டு வருடங்களும் வெட்டியிருந்தன. படத்துக்காகக் குடைந்த குழி மட்டும் காலியாக இருந்தது. "போட்டோ எடுக்கவே விடமாட்டா" என்றாள் தித்தீனா. "'யார் சாயல்னு தெரியாத மூஞ்சிய எடுத்து என்ன பண்ண'ம்பா."

கொத்தனார் சபத்தீனோ சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். நான் கைக்குட்டையைப் பிரித்துக் கேமியோவைக் காட்டி, அந்தக் குழியில் இதைப் பதிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, தொடாமல் குனிந்து பார்த்தார்.

"அளவு சரியா இருக்கும்மா. ஆனா இது சங்கு. இந்தச் சுவத்துக்கு மதியத்துலேருந்து பொழுது சாயற வரைக்கும் வெயில். ஒரு ஆகஸ்டு தாங்காது, காஞ்சு வெடிச்சுப் போயிடும்." பிறகு, என் மறு கையிலிருந்த புகைப்படத்தைக் கண்டு, "இதக் குடுங்க" என்றார். "நாப்பொலி பட்டணத்துல பீங்கான்ல எடுத்துக் குடுப்பாங்க. பத்து நாள்ல வந்திடும், நூறு வருசம் இருக்கும். இந்தச் சங்க நீங்களே பத்திரமா வச்சுக்கலாம்."

நியாயமான யோசனை. யாரும் குறை சொல்ல முடியாது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் நெஞ்சுக்குள் மெதுவாக ஏதோ தளர்ந்து இதமாயிற்று. அது என்னவென்று எனக்குத் தெரியும். "இடது" என்று அவள் சொன்னபோது வந்த அதே சந்தோஷம்.

தித்தீனா என்னைப் பார்க்கவில்லை. கல்லில் ஒட்டியிருந்த தூசியைத் தலைத்துணியின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாந்து இறுகுதும்மா" என்றார் சபத்தீனோ. "எதுன்னு சொல்லுங்க."

உள்ளங்கையை என் முன் நீட்டினார். கைரேகைகளுக்குள்ளெல்லாம் சாந்து வெளுத்து உலரத் தொடங்கியிருந்தது. நான் கைக்குட்டையை விரித்துப் பிடித்தபடி நின்றேன். அதன்மேல் ஓர்சொலா வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கட்டைவிரல் அவள் காதின் மேல் இருந்தது.